முழு ஆளா, மூஞ்சி மட்டுமா?

காட்டில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த காலம். அவர்களுக்குச் சாப்பாடு போய்விடாதபடி, ஒரு பிடி அரிசிகூட எஸ்டேட் கேட்டைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அர்ஜுனனின் காதில், கையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்த, எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி காப்ரியலும் மனைவி ஜெனவீவும் பேசுவது விழுந்தது.

"பவர் கம்மியான லென்ஸ்னா முழு ஆளும் படத்துல விழுவான். கூடுனதுன்னா மூஞ்சி மட்டுந்தான். கோலா சிலாங்கூர் கடையில ரெண்டையும் போட்டுப் பாத்து வாங்கிடலாம்."

"அவன் அசையாம இருப்பானாங்க?"

"வயிறு நெறஞ்சா இருப்பான். அதான் அரிசி எடுத்துக்கிட்டேன்."

அர்ஜுனனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோளில் ஒரு பட்டை ஏறிவிட்டதாகவே நினைத்துத் துப்பாக்கியை நீட்டினான்.

"நில்லுங்கய்யா. யாருக்கு அரிசி? அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"என் சட்டைப் பையிலதான் லா," என்று காப்ரியல் ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐந்து அரிசி, ஒரு வண்டு.

புது லென்ஸ் வாங்கிப் போடப் பெட்டியில் கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பை எடுத்து, வண்டை அதற்கடியில் வைத்தார். குனிந்து பார்த்த அர்ஜுனன் துள்ளிப் பின்வாங்கினான். மறுபடி குனிந்தான். தும்பிக்கையும் முள்ளுக்காலுமாக ஒரு கறுப்பு யானை நின்றது.

சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான்.

"போங்கய்யா. இத்தாம்பெரிய ஆளுக்கு அஞ்சு அரிசி எந்த மூலைக்கு?"