கண்டிக்காரனும் பினாங்குக்காரனும்

"நூத்திப் பதினேழு ரூபா எட்டணா. எங்க தாத்தா இந்த ஊர்ல வச்சிட்டுப் போன கடன். அதைக் கட்டத்தான் வந்திருக்கேன்" என்றான் அம்மாவாசி.

தகரப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி முன்னால் போன கர்ணன் சட்டென்று நின்றான். பிறகு, "கல்லு குத்திருச்சு" என்று காலை உதறிவிட்டு நடந்தான்.

"யாருக்குக் குடுக்கணும் தம்பி?"

"பெரியவீட்டு மலைச்சாமின்னு ஒருத்தருக்கு. அவுக இல்லாட்டி அவுக வாரிசுக்கு."

கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மாவாசிக்கு, சுருளிப்பட்டி வரை பெட்டி தூக்க அகப்பட்ட ஆள் கர்ணன். அம்மாவாசி பிறந்தது, வளர்ந்தது, கூன் விழ உழைத்தது எல்லாம் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில். ஜெர்மன் சண்டை மூண்ட வருஷம் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். முதல் சீட்டே அவனுடையதுதான் கிழிந்தது. முப்பத்தைந்து வயதில் தாத்தா ஊரை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான். கடன்காரன் பேரன் என்ற பேர் போனால்தான் இங்கே ஒரு குடிசை போட வாய் திறந்து இடம் கேட்க முடியும். அதற்கப்புறம்தான் அக்கரையில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைப்பது.

"அண்ணனுக்கு இந்த ஊர்தானா?"

"பூர்வீகம் இந்த ஊருதேன். பொறந்தது பினாங்கு ரப்பர்த் தோட்டம். ரப்பர் வெல விழுந்தப்ப கப்பலேத்தி அனுப்பிட்டாக. வந்து எட்டு வருசமாச்சு."

அம்மாவாசியின் கண் விரிந்தது. "பினாங்கா! கண்டிக்குப் போனவன் கூனிப் போனான், பினாங்குக்குப் போனவன் பொன்னாப் போனான்னு எங்க லயத்துக் குடியிருப்புல சொல்லுவாக."

"ஆமா, பொன்னு. அதேன் ஒம் பெட்டியத் தூக்குறேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஒருவன் அங்கிருந்தே கத்தினான். "ஏலே பினாங்கான், யாருலே அது கூட?"

"கண்டிக்காரரு!"

"அங்கிட்டும் வெரட்டிட்டாகளா?"

கர்ணன் அம்மாவாசி பக்கம் திரும்பினான். "பாத்தியா, எனக்கு இங்கன பேரே கெடையாது. பினாங்கான்தேன். நாளையிலருந்து நீ கண்டியான்" என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் அவனே கேட்டான். "ஒங்க லயத்துல ஒரு அறைக்கு எத்தனை பேரு?"

"ஏழு பேரு. மழை பேஞ்சா எட்டு. ஆட்டுக்குட்டியும் உள்ள வந்துரும்."

"எங்களுக்கு ஆறு. கொசுவக் கணக்குல சேக்காம."

"எங்களுக்கு அட்டை. கொழுந்தெடுக்கப் போன பொம்பளைக காலெல்லாம் ரத்தமாத்தான் வருவாக. பள்ளிக்கூடம் இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. வாத்தியாருந்தேன் இருந்தாரு. விடிஞ்சா அவரும் பால்மரம் வெட்டப் போயிருவாரு. ஒங்களுக்கு?"

"கட்டடம் இருந்துச்சு. அதுல கங்காணி வெறகு அடுக்கியிருந்தாரு."

கர்ணன் அதோடு விடவில்லை. நிலம் நீச்சு வாங்கினார்களா, நகை நட்டு உண்டா, தாத்தா கடைசியில் எப்படி இருந்தார் என்று ஒன்றொன்றாகத் துருவினான். பெட்டி தூக்குகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மாவாசிக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் அவனிடம் இதையெல்லாம் கேட்டவர் இதுவரை யாருமில்லை. சொல்லச் சொல்ல மனசு இளகியது.

"நிலமா? பொதைச்ச எடங்கூட துரையோடது. தாத்தா தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டையில சரிவுல உருண்டு செத்தாரு. அப்பா காய்ச்சல்ல கெடந்தாரு. மருந்து வாங்க, கடனுக்குன்னு சேத்து வச்சிருந்த இந்தப் பணத்த எடுத்தேன். 'அது ஊர்க்கடன், தொடாத'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. மூணாம் நாளு போயிட்டாரு." அவன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எடுத்திருக்கணும்ண்ணே. அவரு பேச்ச அன்னைக்குக் கேட்டிருக்கக் கூடாது."

கர்ணன் பெட்டியைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

"ஒங்க தாத்தா கெட்டிக்காரருண்ணே" என்று அம்மாவாசியே தொடர்ந்தான். "ஆசப்பட்டு, தெசை பாத்துக் கப்பலேறியிருக்காரு. எங்க தாத்தா கடனுக்குப் பயந்து ராவோட ராவா ஓடுனவரு. எனக்கு வாய்ச்சது அதுதான்."

ஊர் முகப்பு வந்தது. வாய்க்கால் பாலத்துக் கட்டையில் கர்ணன் பெட்டியை இறக்கினான்.

"பெரியவீடு எதுண்ணே?" மடியிலிருந்த பண முடிச்சை எடுத்துக்கொண்டே அம்மாவாசி கேட்டான்.

"பெரியவீட்டுக்கு நீ காலணா தர வேண்டியதில்ல. அந்தக் கடன் வட்டியும் மொதலுமா அடைஞ்சு முப்பது வருசமாச்சு."

"அடைஞ்சிருச்சா? யாரு அடைச்சா?"

"கூலிக்காரனோட ஒத்தைக் கைநாட்டுக்குப் பெரியவீட்டுல பணம் குடுப்பாகளா தம்பி? பத்திரத்துல ஜாமீன்னு ரெண்டாவது கைநாட்டு வச்சவரு எங்க தாத்தா. ஒங்க தாத்தா ஓடுன மறுமாசம் எங்களுக்கிருந்த ஒரு குறுக்கம் வயலும் போச்சு. மிச்சத்தக் கட்டத்தேன் அவரு பினாங்குக்குக் கப்பலேறுனாரு."

அம்மாவாசி முடிச்சோடு கையை அவன் பக்கம் நீட்டினான்.

கர்ணன் அதைத் தொடவில்லை. "கண்டியில அந்தக் குடும்பம் கொழிச்சுக் கெடக்கும், என்னைக்காச்சும் வந்தா வட்டியோட வாங்குன்னு சொல்லிட்டுத்தேன் எங்கப்பன் கண்ண மூடுனாரு. நெசமாவே கொழிச்சீகளான்னு பாக்கத்தேன் வழி நெடுக ஒன்னைய நோண்டிக் கேட்டேன். நீ என்னையவிடக் கேவலமாக் கெடந்திருக்க. அந்தக் கடனத் தள்ளிட்டேன் போ. அந்தக் காசுல பொண்டாட்டி பிள்ளையக் கூட்டியா."