நவராத்திரி புக்கிங்

கணவர் கனகராஜ் இறந்தபின் வந்த முதல் சரஸ்வதி பூஜை. அவருடைய பழைய பேஸ் கிட்டாரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று புஷ்பத்துக்கு இன்னும் முடிவாகவில்லை. துருவேறிய தந்திகளை மகன் சக்திவேல் போன மாதமே கழற்றிவிட்டான். கட்டைவிரல் பட்டுப் பட்டு ஓரிடத்தில் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. அந்த இடத்தில் சந்தனம் வைத்து, கிட்டாரைப் பூஜையில் வைத்தாள்.

அன்று வாத்தியத்தைத் தொடக்கூடாது. கனகராஜ் ஒரு வருஷமும் கேட்டதில்லை. நவராத்திரி என்றால் மயிலாப்பூரில் அவர் குழுவுக்கு மேடை ஓயாது. சந்தனம் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மறுநாள் காலையில் சக்திவேல் வந்தான்.

"அம்மா, அடையார்லேர்ந்து கிட்டார் வாங்க ஆளு வந்துகினு கீறாரு. குடுத்துடலாமா?"

புஷ்பம் கிட்டாரை எடுத்தாள். கட்டைவிரல் இடத்தில் மட்டும் சந்தனம் தேய்ந்துபோயிருந்தது. தோளில் மாட்டும் வார் புது வியர்வையில் ஈரமாக ஊறிக்கிடந்தது.

"வர வேணாம்னு சொல்லுடா," என்றாள். குரலில் பழைய மிடுக்கு. "ஒங்கப்பா இல்லாம இந்த ஊர்ல எவன்டா கச்சேரி வைப்பான்?"

வாரைக் கழற்றி, வருஷாவருஷம் செய்வதுபோல், கொடியில் வெயில் படும்படி காயப்போட்டாள்.