எரிமலையின் படிக்கட்டுப் புரட்சி

"என் ஒத்தைக் கட்டைவிரல் தட்டின தட்டுல, இந்தப் பத்து மாடிக் கட்டடமே இன்னிக்குப் படியேறிப் போச்சு! ஒரு ஈ, ஒரு எறும்பு லிஃப்ட்ல கால் வைக்கல!"

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த மனைவி, சோபாவில் சாய்ந்து கிடந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, வெயில்ல எங்கேயாவது போயிட்டு வந்தீங்களா?"

"கிண்டலா? இந்த சோபாவை விட்டு ஒரு இஞ்ச் அசையல. உட்கார்ந்த இடத்துலேர்ந்தே புரட்சி!"

இணையத்தில் அவர் பெயர் எரிமலை. அவர் ஒரு தடவை பொங்கினால் ஏழு கடலுக்கு அப்பால் முன்பின் தெரியாதவர்கள் கண்ணீர் விடுவார்கள். கோபத்தில் சிவந்த முகங்களும் உயர்த்திய கைகளும் வந்து குவிந்து, கைபேசி தோசைக்கல்லாய்ச் சுடும். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் விரலால் தள்ளிய திரையை நீட்டிப் பிடித்தால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். சொந்தக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அவருக்கு இடமில்லை. 'விடியலே வா' என்று பொழுது விடிவதற்குள் வண்டி வண்டியாகப் பதிவு போட்டதில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவரைத் தூக்கிவிட்டார்.

இந்தத் தடவை பொங்கியதற்குக் காரணம் இருந்தது. 'வீட்டு வேலை செய்பவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று சங்கம் பலகை மாட்டியிருந்தது. இவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு முழங்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. நேற்று ஏழாம் மாடிக்கு ஏறி வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே என்னால ஏற முடியாதும்மா. நாளையோட நின்னுக்கறேன்" என்று அழுதாள். இந்த வீட்டோடு மேல் மாடி வீடுகள் அத்தனையும் அவள் கையைவிட்டுப் போய்விடும். அதுதான் அவளுக்கு இருந்த பிழைப்பு.

அவள் படி இறங்கி முடிப்பதற்குள் எரிமலை வெடித்துவிட்டது. 'தோழர் ஏறாத லிஃப்டில் நாமும் ஏறோம்! நாளை முதல் படிக்கட்டே நம் பாதை!'

"தோழர் தோழர்னு உருகி எழுதியிருக்கீங்களே, அவங்க பேரு என்ன?" என்றாள் மனைவி.

"போராட்டத்துல பேரா முக்கியம்? கொள்கைதான் முக்கியம்."

"சரி, அப்படி யாரு படியேறினாங்க? சொல்லுங்க, கேப்போம்."

"எட்டாம் மாடி பல் டாக்டர்!"

"அந்த மனுஷன் ஒரு மாடி இறங்கிக் குப்பை போடறதுக்கே லிஃப்டைக் கூப்பிடுவாரே. அவரா?"

"அவரேதான்! தொங்கின நாக்கு தொப்புளைத் தொட்டுச்சு. நம்ம கதவுல இருக்கற சின்னக் கண்ணாடி வழியா என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"ஒன்பதாம் மாடி வக்கீலம்மா?"

"குதிகால் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறினாங்க. ஏறின வேகத்துல சுவத்துல காரை பேந்துடுச்சுன்னா பாரேன்!"

"செயலாளர்? சும்மா அளக்காதீங்க. பலகை மாட்டினவரே அவரு."

"அதையில்ல நீ முதல்ல கேட்டிருக்கணும்!" எரிமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம வாசல்ல நின்னு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கினாரு. கதவைத் திறந்து 'புரட்சி வாழ்த்துகள்'னு சொன்னேன். 'எல்லாம் உங்க வீட்டாலதான்யா'ன்னு தலைக்கு மேல கையைத் தூக்கிக் கும்பிட்டாரு. எதிரியே கும்பிடறான்டி!"

"கும்பிட்டாரா, சாபம் விட்டாரா?"

"உனக்குப் பொறாமை."

"அது போகட்டும், நீங்க படியேறினீங்களா?"

"எல்லாரும் ஏறப் போயிட்டா போராட்டத்தை வழிநடத்தறது யாரு? அதோட நான் காலைலேர்ந்து உண்ணாவிரதம். அதையும் பதிவு போட்டாச்சு."

"நான் சமைக்கல, நீங்க சாப்பிடல. இதுக்குப் பேரு உண்ணாவிரதமா?"

"பட்டினிக்கு ஒரு லட்சியம் இருந்தா உண்ணாவிரதம்தான்."

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லுங்க. உங்க பதிவை இந்தக் கட்டடத்துல யாரு படிச்சாங்க?"

எரிமலை கைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இந்தக் கட்டடத்துல... குறிப்பா யாரும் இல்ல. ஆனா உலகமே படிச்சிருக்கு! பனி பெய்யற தேசத்துலேர்ந்து ஒருத்தர் 'நானும் இன்று படியேறினேன்'னு போட்டிருக்காரு. அவரு வீடு தரைத்தளமாம், பக்கத்து வீட்டுல போய் ஏறினாராம்!"

"பனி பெய்யற தேசத்துக்காரர் ஏறினாருன்னு நம்ம பல் டாக்டரும் ஏறினாராக்கும்?"

"அலைம்மா, அலை! அது அப்படித்தான் பரவும். உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாமலே போகட்டும். கீழே நடந்தது தெரியுமா? அந்தப் பலகையைச் செயலாளரே கழட்டிட்டாரு. அக்கா இனிமே வேலையை விட்டு நிக்கப் போறதில்ல. லிஃப்ட்ல ஏறி, இப்பத்தான் மேல் மாடிக்கு வேலைக்குப் போனாங்க."

எரிமலை சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். காலையிலிருந்து அவர் செய்த முதல் உடலுழைப்பு அது. 'வென்றோம்!' என்று தட்டி அனுப்பினார். சிவந்த முகங்களெல்லாம் இதயங்களாக மாறிக் கொட்ட ஆரம்பித்தன.

"இப்பவாவது ஒத்துக்கோ. ஒரு ஆள்கூட லிஃப்ட்ல ஏறல, உண்டா இல்லையா?"

"ஒத்துக்கறேங்க" என்றாள் அவள், மரத்துப்போன காலை நீவிவிட்டபடி. "ஒருத்தர்கூட ஏறல, சத்தியமா நடந்துச்சு. அக்காவும் அவங்க கூட்டாளிங்களும் விடியக்காலைலேர்ந்து லிஃப்டுக்குள்ள நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்க, கதவு மூட முடியாதபடி வாசல்ல குறுக்கே காலை நீட்டிக் கிடந்தவளே நான்தானே, எனக்குத் தெரியாதா?"