ஹாலுக்குப் போகாத சத்தம்

கச்சேரி இடைவேளை. வழக்கம்போலச் சட்டை மைக்கைக் கழற்ற மறந்த பாடகன், உள்ளறையில் மனைவியின் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான்.

"போலீஸுக்காடி போற?"

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருந்த அவள் தம்பி, ஹாலுக்குப் போகும் சத்தத்தை அடியோடு இறக்கினான். ஹெட்போனில் அக்கா அலறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாடகன் ரத்தக் கையைத் துடைத்தபடி ஓடிவந்தான். "மைக் ஆன்ல இருந்துச்சே! வெளிய கேட்டுச்சா?"

"ஹாலுக்கு ஒண்ணும் போகல மாமா."

"மானத்தைக் காப்பாத்திட்ட மாப்ள!"

"அக்காதான் ஹாலை மட்டும் மூடச் சொன்னா. ஊரு கேட்டா முதல் அடியோட நிறுத்திடுவீங்களாம். ரெக்கார்டிங்குக்குப் போற லைன் வேற மாமா, அதை நான் மூடல."

கிழிந்த உதட்டோடு அக்கா, கச்சேரி கேட்க வந்திருந்த இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தாள்.

"புகார் கொடுக்க வந்தப்ப சாட்சி கேட்டீங்களே சார். தம்பி, போட்டுக் காட்டுடா."