பத்து நிமிஷம் கழிச்சு

கோவளம் சாலையில் மூன்று மணி வெயில், கடைக் கண்ணாடியில் ஒட்டிய எஸ்.டி.டி. எழுத்துகளைத் தரையில் நிழலாக நீட்டுகிறது. சுற்றியுள்ள ஆறு குப்பங்களுக்கும் முப்பது வருஷம் இந்தக் குடும்பக் கடைதான் போன். நாளை முதல் இங்கே வேறு யாரோ செல்போன் உறை விற்பார்கள். கடைசிப் போனையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அறுத்தெடுத்த ஒயரை விரல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறான் பத்ரி. சுவரில் மாலையோடு அவன் அப்பா வைத்தீஸ்வரன். யாருக்காவது போன் வந்தால், “பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க” என்று வைத்துவிட்டு, சைக்கிளில் குப்பத்துக்குப் போய் ஆளைக் கூப்பிட்டுவிட்டு வருவார்.

வாசலில் அங்காளம்மா வந்து நிற்கிறாள். காலில் செருப்பில்லை, கையெல்லாம் மீன் செதில், மூச்சு வாங்குகிறது. கடலுக்குப் போன அவள் மகன் மதியழகன் திரும்பாமல் இன்றோடு பதினெட்டு நாள்.

“எம்புள்ளகிட்டேர்ந்து போன் வந்துச்சாமே தம்பி?”

“யாரு சொன்னாங்க அக்கா?”

“ஒங்கப்பாதான். இப்பத்தான் சைக்கிள்ல வந்து கூப்ட்டுட்டுப் போனாரு.”

பத்ரி சுவரிலிருக்கும் படத்தைப் பார்க்கிறான். அவளும் பார்க்கிறாள்.

“அவரு பூட்டாருன்னு எனக்குத் தெரியாதா? கூப்ட்டாரே, வராம இன்னா பண்றது?”

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்கிறாள். மேஜைமேல் கிடக்கும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலைக்குமேல் மின்விசிறி கடகடக்கிறது. ஏழு நிமிஷம் ஆகிறது. எட்டு. பத்ரி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துகிறான். மணி அடித்தால் கேட்க வேண்டுமே.