ஐந்து பிராங்கின் நிறை

மனிதன் மனிதனை நம்பத் தொடங்கியதே சேக்கலால்தான் என்று அம்புறோஸ் அறிவித்தான்.

குருமடத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஓடிவந்தவன். லா சப்பல் கடைத்தெருவில், தவரத்தினம் அண்ணையின் நகைக்கடை வரிசையில் என்னோடு நின்றான். இடக் கை கோட்டுப் பைக்குள். பிரசங்கம் முழுவதையும் வலக் கைதான் செய்தது.

சேக்கல் முதலில் காசே இல்லையாம். எபிரேயரின் ஒரு நிறை. ஆபிரகாம் மனைவியை அடக்கம் பண்ணக் குகை வாங்கியபோதுகூட, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார். வியாபாரிகள் ஆளுக்கொரு நிறைகல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவனை ஒருவன் நம்பாத காலம். பிறகு வெள்ளியில் முத்திரை விழுந்தது. நிறை காசானது. நாகரிகம் பிறந்தது.

நாங்கள்தான் வெள்ளைக்காரனின் காசைப் பவுன் என்று நிறையாக்கிப் பின்னால் போன சனமாம்.

அவன் விற்க வந்தது தாயின் சங்கிலி. தாய் சொன்ன கணக்கில் நாலு பவுன், முப்பத்திரண்டு கிராம். அவ்வளவும் இருந்தால், அந்தக் காசுக்கு ஏஜென்சிக்காரன் கிழக்கு பெர்லினில் நிற்கும் தம்பியை வெள்ளிக்கிழமை இங்கே ஏற்றுவான். குறைந்தால் ஏற்றமாட்டான்.

எங்களுக்கு முன்னால் புஸ்பராணி அக்கா. காப்பைக் கழற்றுமுன், ஐந்து பிராங்க் குற்றிக்காசு ஒன்றை எடுத்து எலெக்ட்ரோனிக் தராசில் வைத்தார். ஐந்து பிராங்க் சரியாகப் பத்துக் கிராம். தராசும் பத்து என்றது. அக்கா சோதித்து முடிக்கட்டும் என்று தவரத்தினம் அண்ணை அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஆபிரகாம் காலத்து ஆளோ நீங்கள்? அண்ணையையே நம்பாட்டி ஆரை நம்பிறது?" என்றான் அம்புறோஸ்.

கடை சிரித்தது.

"அண்ணையை நம்பிறன் தம்பி. தராசைத்தான் பாத்தனான்."

அக்கா போனார். எங்கள் முறை.

சங்கிலியை வைத்தான். இருபத்தேழு தசம் நாலு.

தவரத்தினம் அண்ணை அதை ஒருமுறை வாசித்தார். சங்கிலியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, கூரையைப் பார்த்தார்.

கடைக்குள் வந்ததிலிருந்து பைக்குள் கிடந்த இடக் கை அப்போதுதான் வெளியே வந்தது. உள்ளங்கையில் ஐந்து பிராங்க். வியர்வையில் ஒட்டியிருந்தது.

கோட்டில் துடைத்து, தராசில் வைத்தான்.

பத்து.

அம்புறோஸ் காசைப் புரட்டி, மற்றப் பக்கமாக வைத்துப் பார்த்தான்.