எலும்பு கூடின பிறகு

குடையை உள்ளே வைத்துவிட்டேன் என்று சொல்லி ஓமனா திரும்பிப் போனாள். குடை அவள் பைக்குள்தான் இருந்தது.

அவள் கணவன் சதாசிவன் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

பிசியோதெரபி அறையில் தெரபிஸ்ட் பினு மட்டும் இருந்தான். அடுத்த ஆளுக்காகக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் முன்னால்தான் அவன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேருக்கும் காட்டியிருந்தான். எலும்பு நல்லா கூடிவிட்டது, இனி ஊன்றுகம்பை விட்டுவிடலாம் என்றான்.

சதாசிவன் சிரிக்கவில்லை. ஓமனாவும் சிரிக்கவில்லை.

அவன் விழுந்தது ஒன்றாம் தேதி. அன்றைக்குக் கேரளத்தில் மதுக்கடை திறக்காது. பனச்சமூட்டில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு, கூட்டாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், வளைவில் ரோட்டில் தெறித்தான். விழும்போது குப்பியை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான்.

குப்பி உடையவில்லை. முழங்காலின் முட்டுச்சிரட்டைதான் இரண்டாகப் பிளந்தது.

ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் கை நடுங்கியது. கட்டிலடியில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று கத்தினான். அது முட்டு வலியால் இல்லை, குடி நின்றதால் வருவது என்று டாக்டர் சொன்னார். ஓமனா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வீடு.

கூட்டாளிகள் ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்த காலோடு குடித்தால் காலே போய்விடும் என்று ஓமனா வாசலிலேயே நின்று சொன்னாள். பிறகு யாரும் வரவில்லை.

சதாசிவனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இத்தனை வருஷமாக ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தரை போட்டவன், தன் வீட்டு அடுக்களையைப் பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக் கொடுத்தான். அப்பாவின் சத்தம் கேட்டாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற மகள் அஞ்சு, புத்தகத்தோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சதாசிவன் ஓமனாவின் டம்ளரை மாற்றி எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, “நீ சாயாவுல சீனி போட மாட்டியா? எப்ப முதலாக்கும்?” என்று கேட்டான்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்று சொல்லிவிட்டு ஓமனா சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கோயிலில் நிற்கும்போது, அவருக்குக் கால் சரியாகணும் என்று தொடங்குவாள். கொஞ்ச நாளாக அதற்கு மேல் சொல்ல வருவதில்லை. கட்டிய புருஷனின் கால் சரியாகாமல் இருக்கட்டும் என்று நினைக்கிற பொம்பளை உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

“மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?” என்றாள் பினுவிடம்.

அவன் விரிப்பை விட்டு நிமிர்ந்தான்.

“எலும்பு கூடினாலும் இன்னும் கொஞ்ச நாள் தனியா நடக்கக் கூடாதுன்னு அவருகிட்ட சொல்லுவியா? நீ சொன்னா அவரு கேப்பாரு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு முகம் எரிந்தது. பினு எதற்கென்று கேட்பான் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“சேச்சி, அண்ணன் போன மாசமே கம்பு இல்லாம இந்தப் படி ஏறியாச்சு. நான் பாத்ததாக்கும். சேச்சிகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. இன்னைக்கு எக்ஸ்ரே வந்ததுனால எனக்கு மறைக்க முடியல.”

ஓமனாவுக்குப் புரியவில்லை.

“ஏன்னு கேட்டதுக்கு அண்ணன் சொன்னது இதாக்கும்: ‘தனியா நடப்பேன்னு தெரிஞ்சா அவ என்னைத் தனியா விட்டுருவா. கூட்டாளிங்க நிக்குற ஜங்ஷன் வரை போனா திரும்பி வீட்டுக்குத்தான் வருவேனான்னு எனக்கே தெரியல பினு.’ இப்படித்தான் சொன்னாரு.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் சொன்னதாக அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றான் பினு. அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் சதாசிவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“பினு என்ன சொல்லுதான்?”

“எலும்பு கூடினாலும் தனியா நடக்கக் கூடாதாம். கூட ஆள் வேணுமாம்.”

“எத்தனை நாளைக்கு?”

“அது சொல்லல.”

அவன் தரையைப் பார்த்தான். மூச்சை மெல்ல விட்டான். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து, மறுகையை அவள் தோளில் வைத்தான். அந்தக் கையில் பாரமே இல்லை. ஓமனா தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் அவன் கேட்டான்.

“அப்ப ஜங்ஷனுக்குப் போனாலும் நீ வரணுமே?”

“வாறேன்” என்றாள்.